சைட்டேஷனில் ஒரு வரி

போடிமெட்டு ரோடு மூன்று இடத்தில் சரிந்துவிட்டது. மேலே ஏலத்தோட்டத்தில் தொழிலாளர்களின் லயன் வீடு இடிந்து மூன்று பேருக்குப் பலத்த அடி. எழுபதுகளின் கடைசியில், ஒரு மழைக்காலக் காலையில் எங்கள் விமானத் தளத்துக்கு வந்த செய்தி இது. எங்கள் கமாண்டிங் ஆபீசர், அதாவது சி.ஓ., என்னைக் கூப்பிட்டார். நான் அப்போது ஃப்ளைட் லெப்டினன்ட், சேத்தக் ஹெலிகாப்டர் பைலட். சொந்த ஊர் போடி.

போய்ப் பார்த்தால் இறங்க இடமே இல்லை. சரிவு முழுக்க நிழல் மரம். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கு முன்னால் ஒரு களம் மட்டும் தெரிந்தது. அதன் ஓரத்தில் இரண்டு பெரிய மரங்கள். இறங்கினால் ஹெலிகாப்டரின் சுழல் இறக்கை மரத்தில் இடிக்கும். ஒரு சீட்டு எழுதிப் பையில் போட்டு வீசினேன்: 'ரெண்டு மரத்தையும் வெட்டுங்க. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு தெரியக் கம்புல துணி கட்டுங்க.' எரிபொருள் நிரப்பத் திரும்பினேன்.

அங்கே நடந்ததைப் பிறகுதான் கேள்விப்பட்டேன். முதலாளியைக் கேட்காமல் மரத்தில் கை வைக்கக் கூடாது என்று மேனேஜர் தடுத்திருக்கிறார். பேச்சியம்மா என்ற தொழிலாளி, "கேட்டுட்டு வர ரோடு எங்கய்யா இருக்கு? வெரசா கோடாலியக் கொண்டாங்கடி" என்று முதல் வெட்டை அவரே போட்டிருக்கிறார். தொழிலாளர்கள் நாற்பது பேர் கூடிக் களத்தைச் சுத்தம் செய்திருக்கிறார்கள்.

நான் திரும்பி வந்தபோது மரங்கள் இல்லை. களத்தில் ஒரு கல்கூட இல்லை. கம்பில் சிவப்புச் சேலை பறந்தது. காற்றுக்கு எதிராகத் திருப்பி இறக்கினேன். இரண்டு நடையில் மூன்று பேரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தேன். மூவரும் பிழைத்தார்கள்.

சி.ஓ. என்னை விமானப் படையின் வாயுசேனா மெடலுக்குச் சிபாரிசு செய்தார். எதற்காக மெடல் என்று விவரிக்கும் சைட்டேஷனைப் படிக்கக் கொடுத்தார். 'எந்த முன்னேற்பாடும் இல்லாத சரிவில், தன்னந்தனியாகத் துணிந்து இறங்கினார்' என்று ஒரு வரி.

"சார், அது தப்பு. நாப்பது பேர் எடத்தைச் சுத்தம் பண்ணிக் கொடுத்தாங்க."

அவர் பாலக்காட்டுக்காரர். தமிழ் பேசுவார். "அந்த வரியை எடுத்தா மெடல் வராமப் போகலாம். யோசிச்சுச் சொல்லு."

அன்று முழுக்க யோசித்தேன். ஆசை இல்லாமல் இல்லை. எனக்கு மெடல் வரப்போகிறது என்று போடியில் அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் போய், "எடுத்துருங்க சார்" என்றேன்.

மெடல் வரவில்லை. ஒரு பாராட்டுப் பத்திரம் வந்தது. 'தோட்டத் தொழிலாளர்கள் நாற்பது பேரின் உதவியோடு இறங்கினார்' என்று அதில் இருந்தது. லீவில் ஜீப்பு பிடித்து மேலே போய்ப் பேச்சியம்மாவிடம் அதைத் தமிழில் படித்துக் காட்டினேன்.

"நாப்பது பேருன்னு போட்டிருக்கு. பேரு எங்க தம்பி?"

பையிலிருந்து நோட்டை எடுத்தேன். அவர் ஒவ்வொரு பெயராகச் சொன்னார். எழுதிக்கொண்டேன். அந்தப் பட்டியலைச் சி.ஓ.விடம் கொடுத்தேன். அத்தனை பெயரையும் போட்டு எங்கள் ஸ்குவாட்ரனிலிருந்து தோட்டத்துக்கு ஒரு நன்றிக் கடிதம் போனது. ஸ்டோர் சுவரில் அதைக் கண்ணாடி போட்டு மாட்டினார்கள்.

எண்பதுகளில் நானே சி.ஓ. ஆனேன். சிபாரிசு எழுத உட்கார்ந்தால் முதலில் டெக்னீஷியன்களைக் கூப்பிட்டு, யார் யார் என்ன செய்தார்கள் என்று கேட்பேன். அப்படிக் கேட்டு எழுதியதில் இன்ஜின் பார்க்கும் ஒரு சார்ஜென்ட்டுக்கு வாயுசேனா மெடல் கிடைத்தது. சேதி சொன்னபோது அவர் நம்பவில்லை.

"சார், நான் பறக்கவே இல்லியே."

"நீங்க சரி பண்ணிக் கொடுத்ததுனாலதான் நாங்க பறந்தோம்" என்றேன்.

மெடலை ஒருவர் சட்டையில்தான் குத்த முடியும். ஆனால் அறிக்கை எழுதும்போது யாரையும் விடக் கூடாது. என் வேலையில் நான் கற்றுக்கொண்டது அது.