கிராணி வைத்த பெயர்

மலேசியாவில் பகாவ் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்து ஆபீசுக்குள் நுழைந்தால், ரப்பர் பாலின் புளித்த நாற்றத்தையும் அமுக்கிக்கொண்டு, கணக்கெழுதும் கிராணி தலையில் அப்பியிருந்த கிரீமின் வாசனைதான் முதலில் மூக்கில் ஏறும். வெள்ளைக்காரத் துரை ஊர் திரும்பிப் பல வருடமாகியும், தலையையும் நாக்கையும் அவனுக்காகவே வாரிவிட்டுக்கொண்டிருந்த மனிதர் அவர்.

எனக்குப் பத்து வயதில் தங்கை பிறந்தாள். பிறப்புப் பதிவுப் பாரத்தை நிரப்பித் தரும்படி கேட்க அப்பா அவரிடம் போனபோது நானும் கூடப் போனேன். அம்மா சொல்லி அனுப்பிய “பூங்கோதை”யை அப்பா இரண்டு முறை சொல்லியும் கிராணி பேனாவை எடுக்கவில்லை.

“இதெல்லாம் எவன் வாயில நொழையும்? ஷெர்லின்னு போடறேன். இங்லீஸ்ல மகாராணின்னு அர்த்தம் லா.”

அப்பா தலையாட்டியதோடு ஒரு கும்பிடும் போட்டார். அன்று கிராணியைவிட அப்பாவைத்தான் அதிகம் வெறுத்தேன். அம்மா ஷெர்லி என்பதைக் கடைசிவரை வாயில் எடுக்கவில்லை; பூங்கோதையையும் அதன்பின் சொல்லாமல், “சின்னவளே” என்றே கூப்பிட்டாள்.

பதினான்கு வயதில், பள்ளி நூலகத்தில், ஆங்கிலப் பெயர்களுக்குப் பொருள் சொல்லும் புத்தகம் ஒன்று கிடைத்தது. ஷெர்லி என்றால் காட்டுக்குள் வெளிச்சம் விழும் வெட்டவெளியாம். முதலில் ஊர்ப்பெயராக இருந்து, குடும்பப் பெயராகி, அதற்கும் பிறகே பெண்பிள்ளைகளுக்கு வந்ததாம். மகாராணி எங்கும் இல்லை. மறுநாள் விடியலில், வேலைக்கு ஆளெண்ணும் “பெரட்டில்”, பள்ளிச் சீருடையோடு போய் எல்லார் முன்னாலும் அதைக் கிராணியிடம் சொன்னேன்.

அவர் கூசவேயில்லை. “சரியாத்தான இருக்கு. காடு வெட்ட வந்த கூட்டத்துக்கு ஏத்த பேருதான்” என்றார். சிலர் சிரிக்கவும் செய்தார்கள்.

வரிசையில் நின்ற அப்பா நிதானமாகச் சொன்னார்: “வெட்டுனது எங்க ஆளுங்கதாங்க. அந்த வெளிச்சத்துல ஒக்காந்துதான் நீங்க எழுதறீங்க.”

அடுத்த வாரமே அப்பாவைச் செங்குத்தான மலைச்சரிவில் இருந்த மர நிரைக்கு மாற்றினார்கள். முழங்கால் தேயும்வரை அங்கேதான் பாலுக்கு மரம் சீவினார்; என்னை ஒரு சொல் கடிந்துகொண்டதில்லை.

இப்போது அங்கே தோட்டமும் இல்லை, பெரட்டும் இல்லை, வரிசையாகக் கல்வீடுகள். இளம் பெற்றோர் கைப்பேசியைத் தடவி, பொருள் தெரியாத ஆங்கிலப் பெயர்களைப் பொறுக்குகிறார்கள். அவர்களை மிரட்டக் கிராணிகூடத் தேவைப்படவில்லை. அம்மா போன பிறகு ஒருநாள், தங்கையைப் பூங்கோதை என்று கூப்பிட்டுப் பார்த்தேன். “யாரக்கா அது?” என்று வாசலை எட்டிப் பார்த்தாள்.