சீவித் தள்ளிய ஆணித் துளைகள்

ஒரு பலகை எந்த நொடியில் கதிரையாகிறது, சொல்லுங்கள் பார்ப்போம்? சட்டம் படித்தவர்களையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

கணேஸ், தெல்தோட்டைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், வசிக்கும் தச்சர்; தச்சரை இங்கே 'பாஸ்' என்பார்கள். கடந்த பெப்ரவரியில் குண்டசாலையில் ரஸீனின் பழைய வீட்டைப் புதுப்பிக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. கூரையிலிருந்து இறக்கிய பலா மரங்களை எல்லோரும் விறகென்றார்கள். கணேஸ் ஆணிகளைப் பிடுங்கி, அவற்றிலேயே சாப்பாட்டு மேசையும் ஆறு கதிரைகளும் செய்தார். ரஸீன் மேசையைத் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"பாஸ், மிச்ச மரத்த நீங்களே கொண்டு போங்க. ஒங்கட வீட்டுக்கு ஏதாவது செய்ங்க."

யோசிக்கத் தேவையிருக்கவில்லை. ஊருக்கெல்லாம் கதவு செய்பவரின் சொந்த வாசலில் ஆறு வருடமாகத் தொங்குவது தகரம். மகள் உடுப்பு மாற்றும்போது மனைவி சுப்பம்மா அதைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்பார்.

நல்ல வேலைக்காரன் மட்டுமே செய்யக்கூடிய தவறொன்றை அங்கே கணேஸ் செய்தார். கதவுக்கென்று எடுத்த எட்டுப் பலகைகளையும் ரஸீன் வீட்டிலேயே சீவினார். கறுத்த மேற்புறம் போயிற்று. ஆணித் துளைகள் இருந்த ஓரங்களையும் அறுத்தெறிந்தார். பலகைகள் பொன்போல மின்னின. சின்ன லொறியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்.

வழியில் பொலிஸார் மறித்தார்கள்.

"பாஸ், பலா மரம் ஏத்திப் போக பேர்மிட் எங்க?"

"பழைய வீட்டு மரம் சேர்."

"பழசா? நேத்து வெட்டினது மாதிரி மினுங்குது!"

"நான்தான் சேர் சீவினேன்."

"ஒரு ஆணி ஓட்டை காட்டுங்க, விடுறேன்."

கணேஸ் பலகைகளைப் புரட்டினார். மறுபடியும் புரட்டினார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் கைத்திறமையைத் திட்டினார்.

"இதே மரம் மேசையா வந்திருந்தா பேர்மிட் தேவையில்ல, பிரச்சினையில்ல" என்றார் அதிகாரி.

"சுத்தியல் இருக்கு சேர். இங்கயே ஒரு பெஞ்சு அடிச்சிறவா?"

அதிகாரி சிரித்தார். பலகைகளை மட்டும் இறக்கிக்கொண்டார்.

மரம் தன் வீட்டுடையதுதான் என்று ரஸீன் கடிதம் கொடுத்தார். அதோடு கணேஸ் அனுமதிப்பத்திரம் கேட்டுப் பிரதேச செயலக அலுவலகத்துக்குப் போனார். படிவத்தில் ஒரு கட்டம்: மரம் போய்ச் சேரும் வீட்டின் உரிமையைக் காட்டும் உறுதியின் இலக்கம்.

"உறுதி இல்லீங்க. லயம். மூணு தலமொறையா இருக்கோம்."

"அப்ப அது ஒங்க வீடு இல்லையே" என்றார் எழுதுவினைஞர். "தோட்டத்துல கேளுங்க."

தோட்டத்தில் கேட்டார். வீடு தோட்டத்துக்குச் சொந்தம், கதவு போடுவது குடியிருப்பவரின் பொறுப்பு என்றார் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை.

அன்று மாலை கணேஸ், நாலு புத்தகம் படித்த ஆளென்று நம்பி என்னிடம் வந்தார். கோபம் தெரியவில்லை, கணக்குப் பிழைத்த பிள்ளையின் முகம்தான் தெரிந்தது.

"வீடு என்னுது இல்லையாம். கதவு மட்டும் என்னுதாம். அந்தக் கதவையும் கொண்டுவர வீடு என்னுதா இருக்கணுமாம். அப்ப நான் எதுக்குள்ளங்க இருக்கேன்?"

அலுமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கிறேன். எதிலும் விடையில்லை. இது விதியுமில்லை, முன்வினையுமில்லை; மனிதர் அச்சடித்த படிவம். மனிதரால் திருத்த முடியும்.

பலகைகள் இன்னும் பொலிஸ் முற்றத்து மழையில் கிடக்கின்றன. சுப்பம்மா இன்னும் தகரத்தைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார். வரும் புதன்கிழமை கணேஸ் மறுபடியும் அலுவலகம் போகிறார். நானும் போகிறேன். நீங்களும் வாருங்கள். அந்த வெற்றுக் கட்டத்தில் விரலை வைத்து, மூன்று தலைமுறை வாழ்ந்தவர் இதில் என்ன எழுத வேண்டுமென்று சத்தமாகக் கேளுங்கள்.