அவன் உடைத்த பல்

தொண்ணூறுகளின் கடைசியில் வாலாஜாபாத்திலிருந்து காஞ்சிபுரம் வந்த பேருந்தில் அந்த நடத்துநரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. நான் ஹாக்கி ஆடிய காலத்தில் எதிரணிக்குக் கோல்கீப்பராக நின்றவர். முன்பல் பாதி உடைந்திருந்தது. பேச்சுக்கு நடுவில் அதை நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

எங்கள் ஹாக்கி கிளப் சுவரில் பெரிய ஆட்டக்காரர்களின் படங்கள் உண்டு. எங்கள் சென்டர் பார்வர்டுக்கும் அந்தத் தகுதி உண்டா என்று முடிவு செய்ய அன்று மாலை கூட்டம். எனக்கு வயிறு எரிந்தது. பந்தைக் கொண்டுபோய்க் கொடுத்ததெல்லாம் நான். படம் மட்டும் அவனுக்கா?

கூட்டத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு, "அவன் யாருக்கும் பந்து தரவே மாட்டான், இல்லீங்களா?" என்றேன். ஒரு சாட்சி கிடைத்தால் நல்லது.

"தரமாட்டாருதான் சார். ஆனா அவரு வந்தாலே எனக்குக் கால் நடுங்கும். இந்தப் பல்லு அவரு அடிச்ச பந்துல போனது. டாக்டரு கட்டிக்கச் சொன்னாரு, நான்தான் வேணாம்னுட்டேன். எல்லார்கிட்டயும் காட்டிக்கினு இருக்கேன். அவரு படத்த மாட்டறதுக்கு இன்னா சார் யோசனை?"

"நானும் அதே டீம்தான். ஞாபகம் இருக்குதா?"

என் முகத்தை உற்றுப் பார்த்தார். நாக்கு பல்லுக்குப் போனது.

"நீங்களும் ஆடுனீங்களா சார்?" என்று மரியாதையாகக் கேட்டார்.

கூட்டத்தில் அவனுக்காகக் கை தூக்கினேன். சுவரில் ஒரு படம்தானே, போகட்டும். அந்தப் பல் நான் அடித்த பந்தில் உடைந்திருக்கக் கூடாதா என்றுதான் இன்றும் வயிறு எரிகிறது.