சைரகானைச் சுமக்காத மோட்டார் சைக்கிள்

எசென்பாயின் மோட்டார் சைக்கிளுக்கு அவன் பெண்டாட்டி சைரகானைக் கண்டால் ஆகாது, அவள் ஏறி உட்கார்ந்தால் செயினைக் கடித்துத் துப்பிவிடுகிறது என்று நாரின் மலை மேய்ச்சல் முழுக்க ஒரு பேச்சு. கிளப்பியது யார் என்று விசாரித்தால் மூன்று கூடாரங்கள் நான்காவது கூடாரத்தைக் கை காட்டின; நான்காவதில் நாய்தான் இருந்தது. சரி, பேச்சாவது பொய்யா என்றால் அதுவும் இல்லை. அந்தக் கோடையில் செயின் இரண்டு தடவை அறுந்தது. இரண்டு தடவையும் பின்னால் இருந்தது சைரகான்தான். எசென்பாய் தனியாகப் போனபோதெல்லாம் வண்டி தங்கம்.

தங்கமாக இருந்தே ஆக வேண்டும். தன் செவலைக் குதிரையை விற்றுத்தான் அதை வாங்கியிருந்தான். குதிரையை வாங்கியவன் பக்கத்துக் கூடாரத்துக் குபாத். வெள்ளிக்கிழமை கணவாய்க்கு அந்தப் பக்கம் சைரகானின் தம்பிக்குக் கல்யாணம். “வண்டி ஓடலேன்னா சொல்லுங்க அண்ணி, செவலையில நான் கூட்டிட்டுப் போறேன்” என்று குபாத் சொல்லிவிட்டான். தான் விற்ற குதிரையில், வாங்கியவன் முதுகுக்குப் பின்னால், தன் பெண்டாட்டி அவள் அப்பா வீட்டு வாசலில் போய் இறங்குவதை நினைத்து எசென்பாய் கடித்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டான்.

அவன் கவனம் இல்லாதவன் அல்ல. நாற்பது வருஷம் குதிரைக்குச் சேணம் கட்டியவன். மலையேறுமுன் சேணவாரை ஒரு துளை இறுக்க வேண்டும். பின்னால் ஆள் ஏறினால் இன்னொரு துளை. அதே நியாயப்படி தினமும் காலையில் செயினை இறுக்கினான். சைரகான் வருகிற நாளில் கூடுதலாக ஒரு சுற்று. இதற்கு மேல் ஒரு மனிதன் என்னதான் செய்வான்?

சாலையோரம் டயர் ஒட்டும் அப்த்ராயிடம் போனான். அப்த்ராய் செயினைச் சுண்டிப் பார்த்தான்.

“கொமுஸ் வாத்தியத்து நரம்பு மாதிரி இழுத்து வெச்சிருக்கீங்களே, பாடப் போறீங்களா? கீழ்ப்பக்கம் நடுவுல ரெண்டு விரல் அகலத்துக்கு மேலயும் கீழயும் ஆடணும்ணே.”

“யாரு விரல்?”

“மாமனார் விரலா கேப்பாங்க? விரல்தான்.”

எசென்பாயின் இரண்டு விரல் அப்த்ராய்க்கு மூன்று. அந்தக் கணக்கு தீராமலேயே வீடு வந்து, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, இரண்டு விரல் ஆட்டம் வைத்தான். சக்கரத்தைப் பாதி சுற்றினான். ஒரு விரல்தான் ஆடியது. இன்னும் பாதி சுற்றினான். மறுபடி இரண்டு.

“ஒரே செயின். இங்க லூசு, அங்க டைட்டு. இது என்ன சாதி?”

“உங்க அண்ணன் தம்பிங்க சாதி” என்றாள் சைரகான், குதிரைப்பாலைக் குமிஸாகக் கடைந்துகொண்டே. “நீங்க எப்பவும் காலி வண்டியத்தான் அளக்கறீங்க. அறுந்துபோறது நான் ஏறினப்புறம். ஏத்தி வெச்சு அளந்து பாருங்களேன்.”

வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி அவளை ஏற்றினான். முன்னால் தான் ஏறினால் கை செயினுக்கு எட்டவில்லை. இறங்கினால் அவன் எடை இல்லை. அவன் எடைக்கு இன்னொரு ஆள் வேண்டும். கண்ணுக்கெட்டிய தூரத்தில் அந்த எடை உள்ளவன் ஒருத்தன்தான்.

குபாத் வந்தான். காலை வீசி ஏறி, “கெட்டியாப் புடிச்சுக்குங்க அண்ணி” என்றான். எசென்பாய் ஆட்டுப்புழுக்கையில் படுத்துக் கையை நீட்டினான். எடையில் வண்டியின் பின்பக்கம் அமுங்கி, சற்றுமுன் ஆடிய செயின் இழுபட்டுக் கம்பியாக நின்றது.

“ஆடுதா?” என்றாள் சைரகான்.

“ஆடல.”

“பாத்தீங்களா. எம்மேல பழி.”

பின்சக்கரத்து நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கத்துத் திருகாணியையும் அளவுக்கோடு பார்த்துச் சமமாகத் தளர்த்தி, சக்கரத்தை முன்னால் தட்டி, நட்டை முறுக்கி, மறுபடி அவர்களை ஏற்றினான். வண்டியை ஒரு சாண் தள்ளி அளந்தான். இன்னொரு சாண் தள்ளி அளந்தான். ரொம்ப இறுகிய இடத்திலும் ஒரு விரல் ஆடும்வரை ஏழு தடவை அவர்கள் ஏறி இறங்கினார்கள். தேநீர்க் கிண்ணத்தோடு நான்கு கூடாரமும் வந்து நின்றது. நாய்கூட.

இருவரும் இறங்கியதும் செயின், எசென்பாய் கண்ணுக்கு, கிழட்டுப் பசுவின் கழுத்துச் சதை மாதிரி தொங்கியது.

“இப்பிடித் தொங்கவிட்டு எவனாவது மலை ஏறுவானா?”

“நீங்க ஏறுங்க. அறுந்தா செவலை இருக்கு” என்றான் குபாத்.

வெள்ளிக்கிழமை ஏறினார்கள். கணவாய் முழுக்க எசென்பாய் வழியைப் பாதியும் சத்தத்தைப் பாதியும் கவனித்தான். செயின் அறுந்துபோகவில்லை, முனகவும் இல்லை. மாமனார் வாசலில் சைரகான் தன் புருஷன் முதுகுக்குப் பின்னாலிருந்தே இறங்கினாள். அவனுக்குச் சந்தோஷத்தைவிடக் குழப்பம்தான் அதிகம். இறுக்கினால் அறுந்துபோகிறது, தளர்த்தினால் தாங்குகிறது. அப்படியானால் சேணவார்? கல்யாணச் சாப்பாடு முழுக்க அதையே யோசித்ததில், மதிப்பான விருந்தாளிக்கு மட்டும் வைக்கும் ஆட்டுத்தலை தன் முன்னால் வைக்கப்பட்டதைக்கூட அவன் கவனிக்கவில்லை.

அவர்கள் திரும்பி வந்தபோது அவர்கள் கூடாரத்து வாசலில் குபாத் நின்றான்.

“அரை மணி நேரம் உங்க வண்டிமேல உக்காந்தேன்ணே. பதிலுக்கு எங்கிட்ட ஒரு குதிரைக்குட்டி இருக்கு, ரெண்டு வயசு, இன்னும் யாரையும் சுமந்ததில்ல. ஒரே ஒரு தடவை உக்காந்து குடுங்க.”

எசென்பாய் சரி என்று தலையாட்டிவிட்டான். இப்போது மந்தைகள் கீழே இறங்கிவிட்டன, பனியும் விழுந்துவிட்டது. அந்தக் குட்டி இதுவரை இரண்டு பேரைத் தூக்கி எறிந்திருக்கிறது. குபாத் கேட்கும்போதெல்லாம், இந்த வாரம் செயின் பார்க்க வேண்டியிருக்கிறது என்கிறான் எசென்பாய்.