கழுதைக் கட்சியில் சேர்ந்த சித்தப்பா

வாசல் மணி அடித்த மறுகணமே எங்கள் வீட்டில் பேச்சு, சிரிப்பு, டிவி எல்லாம் அடங்கிவிடும்; தாச்சியில் கடுகு மட்டும் அடங்கத் தெரியாமல் வெடித்துக்கொண்டிருக்க, அப்பா அடுப்படியைப் பார்த்துக் கையைக் காட்டுவார், அம்மா முணுமுணுத்தபடி அதையும் அணைப்பார். எண்பதுகளின் பிற்பாதி அது, லண்டன் மனோர் பார்க்கில் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் வீடுகளில் ஒன்று எங்களுடையது, எனக்குப் பத்து வயதிருக்கும். சன்னல் சீலையை ஒரு விரலால் விலக்கிப் பார்த்துவிட்டு "ஆக்கள் வந்திருக்கினம்" என்று அப்பா சொன்னால், கோட்டில் தங்கள் கட்சி நிறத்தில் ரிப்பன் பூக் குத்திக்கொண்டு வாக்குக் கேட்க வந்தவர்கள் என்று அர்த்தம்.

அவர்கள் சிரித்த முகத்தோடு "உங்கள் ஆதரவை நம்பலாமா?" என்று ஆங்கிலத்தில் கேட்பது அப்பாவின் காதில் "நீ எந்தப் பக்கம்?" என்றுதான் விழும். அந்தக் கேள்வியை ஊரில் பெரியப்பாவிடம், அதாவது அப்பாவின் ஒரே அண்ணனிடம், சைக்கிளை மறித்துக் கேட்டார்கள். ஆயுதம் ஏந்திய தமிழ் இயக்கங்கள் ஒன்றையொன்று தின்னத் தொடங்கியிருந்த காலம். கேட்டவர்கள் எந்த இயக்கம் என்று தெரியாமலே அவர் ஏதோ ஒரு பதிலைச் சொன்னார். சைக்கிள் மட்டும் வீட்டுக்கு வந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் "பக்கம்" என்ற சொல்லே இல்லாமல் போயிற்று, பாடப் புத்தகத்தைக் காட்டிக்கூட "எத்தினையாம் தாள்?" என்றுதான் கேட்போம்.

ஆகவே லண்டனில் அப்பா கண்டுபிடித்த வழி, வந்த எல்லோருக்கும் "யெஸ், யெஸ்" சொல்வது. நீலப் பூ, சிவப்புப் பூ, மஞ்சள் பூ மூன்றும் கொடுத்த தாள்களைக் கும்பிடாத குறையாக வாங்கி, மூன்றையும் முன் சன்னலில் பிள்ளைகளின் படம்போல வரிசையாக ஒட்டிவைத்தார். தெருவே நின்று பார்த்துச் சிரித்தது. "ஒருத்தனும் எங்களை மற்றவன்ர ஆள் எண்டு நினைக்கக் கூடாது" என்று அவர் விளக்கம் சொல்ல, "உங்களுக்கு விசர். நாளைக்குப் பூனை வளர்க்கிற சங்கம் வந்தாலும் ஒட்டுவியள்" என்றார் அம்மா. "தவளை தன்ர வாயாலதான் கெடும்" என்பது அப்பாவின் தேவாரம்.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான், சில வருடங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, நியூ ஜேர்சியிலிருந்து சித்தப்பா போன் எடுத்தார். அப்பாவுக்கு மிஞ்சியிருந்த ஒரே சகோதரம் அவர். அமெரிக்கக் குடியுரிமை கிடைத்த சந்தோசத்தில் அவர் போட்ட சத்தம் எங்களுக்கும் கேட்டது: "அண்ணை, நான் பார்ட்டியில சேர்ந்திட்டன்!"

"ஆற்ற பேர்த்டே?" என்று கேட்டார் அம்மா.

கழுதையைச் சின்னமாக வைத்திருக்கும் கட்சியாம். வாக்காளராகப் பதியும்போதே எந்தக் கட்சி என்றும் கேட்பார்களாம், எழுதிக் கொடுத்தாராம், அதை விரும்பினவர் எவரும் கேட்டுப் பார்க்கலாமாம். அப்பா துள்ளி எழும்பினார். "எடேய், பேரோட சேர்த்துக் குடுத்திட்டியோ? நாளைக்கே போய்ப் பேரை வெட்டு!" என்று கத்தினார். சித்தப்பா "ஏலாது அண்ணை, இது என்ர உரிமை" என்றார். அப்பா போனை வைத்தார்; அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிறு அது அடித்தும் எடுக்கவில்லை. கோபம் என்று அம்மா நினைத்தார். எனக்கென்னவோ, இரண்டாவது முறையும் சைக்கிள் மட்டும் வரப்போகிறது என்று அவர் முன்கூட்டியே துக்கம் காத்ததாகத்தான் படுகிறது.

அப்போது நான் பல்கலைக்கழகத்துக்கு முந்தின ஏ லெவலுக்கு அரசியல் படித்தேன், அமெரிக்கக் கட்சிகள் அதில் ஒரு பாடம். சித்தப்பாவோடு பேச மறுத்த அப்பா, ஷிப்ட் முடிந்து வந்ததும் என்னைப் பிடித்து விசாரிப்பார். அந்த நாட்டை நிறுவியவர்களுக்கே கட்சி என்றால் ஆகாது, அவர்கள் எழுதிய அரசியலமைப்பில் அந்தப் பேச்சே இல்லை, முதல் ஜனாதிபதி விடைபெறும்போது கட்சிப் பூசல் நாட்டைக் கெடுக்கும் என்று எச்சரித்துவிட்டுத்தான் போனார் என்றேன். "அந்தாள் விளங்கின மனிசன்!" என்று தொடையில் தட்டினார். ஆனால் அவருடைய சகாக்களே அவர் கண்முன்னால் இரண்டு கன்னையாகப் பிரிந்ததையும், ஆள் சேர்க்காமல் சபையில் எதையும் நிறைவேற்ற முடியாது என்று கண்டுகொண்டதையும், பிற்காலத்தில் கப்பலால் வந்திறங்கிய ஏழைகளுக்கு வேலையும் அடுப்புக்கரியும் பிடித்துக் கொடுத்து வாக்கை வாங்கிக்கொண்ட நகரத்துப் பெரும்புள்ளிகளையும், அவர்கள் அடைத்த அறைக்குள் வேட்பாளரைப் பொறுக்கிய வழக்கத்தைச் சனங்கள் பறித்துத் தங்கள் கைக்கு எடுத்ததையும், கட்சிக்காரர் தாங்களே வேட்பாளரைத் தெரிவுசெய்யும் அந்த முதற்சுற்று வாக்கெடுப்புக்காகத்தான் சித்தப்பா பெயர் கொடுத்ததையும் நான் சொல்லச் சொல்ல, அவர் நம்பாமல் தலையாட்டினார். தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்களை வாக்குப் போடவிடாமல் மறித்ததும் ஒரு கட்சிதான் என்றபோது மட்டும் "அப்பிடிச் சொல்லு" என்றார்.

பிறகு ஒரு கேள்வி கேட்டார். "முதன்முதல்ல தோத்த கட்சிக்காரனுக்கு என்ன செய்தவங்கள்?"

"ஒண்டும் செய்யேல்லை அப்பா. பதவியில இருந்தவர் விடியவே வண்டியேறி ஊருக்குப் போயிட்டார்."

"வழியில ஒருத்தரும் மறிக்கேல்லையோ?"

"இல்லை."

"பொய்" என்றார் அப்பா. "புத்தகத்தில அப்பிடித்தான் எழுதுவினம்."

அந்தக் கோடையில் ஒரு மத்தியானம் வாசல் மணி அடித்தது. வழக்கம்போல வீடு அடங்கியது. சீலையை விலக்கிப் பார்த்த அப்பா அப்படியே நின்றுவிட்டார். வெளியே, சொல்லாமல் கொள்ளாமல் பெட்டியோடு வந்து நின்றார் சித்தப்பா. சட்டையில் கழுதைப் படம் போட்ட வட்டமான பட்ஜ் ஒன்று மினுங்கியது. மணி இரண்டாம் முறையும் அடித்தது. அப்பா திறக்கவில்லை. "உங்கட தம்பி, ஆமி இல்லை. திறவுங்கோ" என்று அம்மா சீறினார்.

அப்பா கதவைத் திறந்தார். தெருவின் இரண்டு அந்தத்தையும் பார்த்துவிட்டு, பட்ஜைக் கழற்றித் தன் பொக்கெற்றுக்குள் போட்டுக்கொண்டு, அதற்குப் பிறகுதான் தம்பியைக் கட்டிப்பிடித்தார்.

தேத்தண்ணி குடிக்கும்போது சித்தப்பா சிரித்துக்கொண்டே சொன்னார்: "அண்ணை, என்ர பக்கத்து வீட்டுக்காரன் யானைக் கட்சி, எங்கட கட்சிக்கு நேர் எதிர். பனி கொட்டினால் என்ர வாசலையும் சேர்த்து வழிச்சு விடுறவன் அவன்தான்."

"முகத்துக்கு முன்னால வழிப்பான்" என்றார் அப்பா.

சித்தப்பா கோப்பையை வைத்தார். சிரிப்பு போய்விட்டது. "பெரியண்ணையிட்டக் கேட்ட அதே கேள்வியை என்னட்டயும் கேட்டவை, அண்ணை. ஒரு மேசைக்குப் பின்னால இருந்த மனிசி, பேனையை நீட்டிக்கொண்டு கேட்டவ. எனக்கும் அந்தச் சைக்கிள்தான் கண்ணுக்குள்ள வந்தது. ஆனால் பதில் சொன்னன். சொல்லிப்போட்டு வீட்ட வந்து சோறு சாப்பிட்டன்."

அப்பா எழுந்து குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார், தண்ணீர் நெடுநேரம் ஓடியது. அடுத்த தேர்தலுக்கு எங்கள் சன்னலில் ஒரே ஒரு தாள்தான் ஒட்டப்பட்டது. என்ன நிறம் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. நானும் அவர் மகள்தானே.

இப்போது அப்பா இல்லை. ரிப்பன் பூவோடு வருகிறவர்களும் குறைந்துவிட்டார்கள், எங்கள் தெருச் சன்னல்களில் கட்சித் தாள் ஒன்றைக்கூடக் காணவில்லை. எல்லோரும் அப்பாவாகிவிட்டார்களோ என்று எனக்குச் சந்தேகம். சித்தப்பா இன்னும் நியூ ஜேர்சியில்தான் இருக்கிறார். போன ஞாயிறு பகிடியாக, "சித்தப்பா, யானை எப்பிடி இருக்கிறார்?" என்று கேட்டேன்.

"இப்ப பனியை நானேதான் வழிக்கிறன்" என்றார்.

"ஏன், என்ன நடந்தது? இந்த முறை தேர்தலில நீங்கள்..."

"பிள்ளை" என்று குரலைத் தாழ்த்தினார், "உந்தக் கதை போனில வேண்டாம்." பிறகு, வேறு யாரோ கேட்டுக்கொண்டிருப்பதுபோல, தேவையில்லாத சத்தத்தோடு கேட்டார்: "அங்க மழையோ?"