துளைக்குள் இருக்கும் குங்குமம்

செம்பூரில் எங்கள் பூஜை அலமாரியில், முருகன் படத்துக்குக் கீழே கையளவு இரும்புத் துண்டு ஒன்று இருக்கிறது. அதில் நான்கு துளைகள், ஒவ்வொன்றும் ஒரு ஆழம். ஆயுத பூஜை தோறும் துடைத்துப் பொட்டு வைப்பேன். துளைகளுக்குள் மட்டும் துணியை விட மாட்டேன்.

அறுபதுகளின் கடைசியில் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு, ஓட்டை குத்திய காகித நாடாவைப் படித்துத் தானே துளை போடும் மெஷின் வந்தது. எங்கே, எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் நாடாவில் இருக்கும். ஆனால் டிரில்லைச் சாணை பிடிக்கப் பிடிக்க நீளம் குறையுமே, அது நாடாவுக்குத் தெரியாது. அந்தக் குறைவை ஒவ்வொரு டிரில்லுக்கும் ஒரு டயலில் நாங்கள்தான் திருகி வைக்க வேண்டும். மெஷினுக்கு ஞாபகம் என்று இருந்ததே அந்த டயல்கள்தான். காலை ஷிப்ட் நான், அடுத்தது அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர், தாராவியில் தனியாக இருந்தார், டெம்பரரி வேலை. தசரா கழிந்ததும் பர்மனென்ட் ஆக்குவதாக ஃபோர்மேன் சொல்லியிருந்தார். பெண்டாட்டி பிள்ளைகளை ஊரிலிருந்து அழைத்துவர அதைத்தான் நம்பியிருந்தார் மனுஷன்.

எங்கள் பட்டறையில் ஆயுத பூஜை தசரா அன்றுதான். காலையில் போய்ப் பார்த்தால் மெஷின் பளபளவென்று நின்றது. நான் பூஜை போடுகிறவன் என்பதற்காக, முந்தின நாள் அண்ணாச்சி மண்ணெண்ணெய் போட்டு மூலை முடுக்கெல்லாம் துடைத்திருந்தார். பாத்திரம் கழுவிக் கவிழ்ப்பது போல, டயல்களையும் துடைத்துப் பூஜ்யத்தில் திருப்பி வைத்துவிட்டார். ஆரத்தி முடிந்ததும் முதலாளி முன்னால் ஒரு பீஸ், அதாவது ஒரு இரும்புத் துண்டு, ஓட்டித் துளை போட்டுக் காட்ட வேண்டும். துளை எல்லாம் அரைகுறையாக நிற்கும். பழைய எண்கள் இருவருக்குமே நினைவில்லை.

"சாமிக்குன்னுதானே வே சுத்தமா வச்சேன்" என்றார், பூஜைக்காகக் காலையிலேயே வந்திருந்த அண்ணாச்சி. முகம் செத்துவிட்டது.

கடைசியாக ஓடிய நல்ல பீஸ் ஒன்றைக் குங்குமம் இட்டுப் பூஜைத் தட்டில் வைப்பது எங்கள் வழக்கம். மற்ற பீஸெல்லாம் அனுப்பியாகிவிட்டது, இதன் துளைகளைக் கொண்டுதான் எண்களை மீட்க முடியும். ஆனால் பூஜைக்கு வைத்ததை முடியும் முன் எடுப்பதா? அன்றைக்குப் புத்தகத்தைக்கூடப் புரட்டாத வீட்டில் வளர்ந்தவன் நான். என் தயக்கம் அவருக்குப் புரிந்தது.

"வேண்டாம் வே, உங்க சாமி காரியம். நான் ஃபோர்மேன்கிட்ட சொல்லிக்கிடுதேன்."

"சாமி கோவிச்சா எங்கிட்ட கோவிக்கட்டும் அண்ணாச்சி" என்று சொல்லி, முருகா என்று பீஸைத் தட்டிலிருந்து எடுத்தேன்.

குங்குமத்தைத் துடைத்து, பீஸை மெஷினில் பிடித்து, டிரில் சுற்றாமல் நாடாவை மெல்ல ஓட்டினோம். நுனி துளையின் அடியைத் தொடும் வரை நான் குனிந்து பார்க்க, அவர் டயலைத் திருகினார். முடிகிற நேரம் முதலாளியின் கார் வந்துவிட்டது. என் கையெல்லாம் எண்ணெய். அண்ணாச்சி விரலைத் துடைத்துக்கொண்டு தட்டிலிருந்த குங்குமத்தை எடுத்தார். அதுவரை அதைத் தொட்டறியாதவர். எங்கே வைப்பதென்று தெரியாமல் சுண்டுவிரலை விட்டு ஒவ்வொரு துளையின் அடியிலும் வைத்து, பீஸைத் தட்டில் திருப்பி வைத்தார்.

ஆரத்தி முடிந்து புது பீஸில் டிரில் இறங்கும்போது அவர் உதடு அசைந்தது. யாரைக் கூப்பிட்டார் என்று நான் கேட்கவில்லை, நானும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். அளவாகப் போய் நின்றது. மத்தியானம் அவரே ஃபோர்மேனிடம் நடந்ததைச் சொன்னார். ஃபோர்மேன் இந்தியில் நெடுநேரம் திட்டிவிட்டுக் கையில் ஒரு பேடாவைக் கொடுத்தார். தீபாவளிக்கு முன்பே அண்ணாச்சி பர்மனென்ட் ஆனார்.

பூஜையில் வைத்த பீஸை விற்பதில்லை என்பதால் கேட்டு வாங்கி வந்தேன். இப்போதைய மெஷின்கள் கரண்ட் போனாலும் எண்களை மறப்பதில்லையாம், என் மகன் சொல்கிறான். நல்லதுதான். அண்ணாச்சி கர்த்தரிடம் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. வருஷா வருஷம் வெளியே வைக்கும் பொட்டு என்னுடையது. உள்ளே மங்கலாகத் தெரிகிறதே, அது அவர் வைத்தது.