காதர் பாய் திருப்பிக் கொடுத்த கோட்டு

ஆவடி ராணுவ முகாமின் தையல் கொட்டகையில் மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவிக்கொண்டிருந்தேன். பூந்தமல்லியிலிருந்து வந்த வண்டிக்காரர், "காதர் பாய் பூட்டாரு அண்ணாத்தே. மூணு நாளா ஜொரம்" என்றார். சோற்றுத் தூக்கைத் திறக்காமலே புறப்பட்டேன்.

அவரைத் தெரிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அடக்கத்தன்று, "பிடிவாதக்காரர், அதனால்தான் உருப்படவில்லை" என்று சிலர் பேசியது என் காதில் விழுந்தது. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

பாயின் தகப்பனார் பூந்தமல்லியில் பழக்கடை வைத்திருந்தார். மகன் அதில் உட்காரவில்லை. பத்தொன்பது வயதில், சமைக்கவே தெரியாமல், சமையல்காரன் என்று சொல்லிக் கப்பல் ஏறிவிட்டார். "மொத நாளு நான் ஆக்குன சோத்தை மீனுக்குப் போட்டானுங்க. நடுக்கடல்ல என்னை எறக்க முடியுமா?" என்று சிரிப்பார். கொழும்பு, பினாங்கு எல்லாம் பார்த்துவிட்டு ரங்கூனில் இறங்கினார். தையல் கற்றுக் கடை போட்டார், குடும்பமும் ஆயிற்று.

யுத்தத்தில் ரங்கூன்மேல் குண்டு விழுந்ததும், மனைவியோடும் மகள் நூர்ஜகானோடும் மலைவழியே நடந்தார். மனைவி வழியிலேயே காய்ச்சலில் போய்விட்டார். தையல் மிஷினின் தலைப்பாகத்தைக் கழற்றித் தோளில் சுமந்து வந்தார். இறக்கிப் போடும்படி கூட வந்தவர்கள் கெஞ்சினார்களாம். "போட்டுட்டு ஊர்ல போயி எவன் வாசல்ல நிக்கிறது?" என்றாராம்.

ஊர் வந்து சேர்ந்ததும் ஆவடி முகாமில் தையல் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கொடுத்த மிஷின் என் பக்கத்தில். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு மாடியில் புறா விடுவார். புறாக்களுக்குத் தான் போன ஊர்களின் பெயர். இந்த வயதில் என்ன விளையாட்டு என்றால், "நரைச்சது தாடிதானே" என்பார்.

ஒரு நாள் பொத்தான் இடம் மாறியதற்காக வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் கோட்டை என் முகத்தில் எறிந்தார். தவறு என்னுடையதுதான். குனிந்து எடுக்கப் போனேன். காதர் பாய் முந்திக்கொண்டார். உதறி, மடித்து, அதிகாரியின் கையிலேயே வைத்தார்.

"தப்புன்னா கையில குட்து சொல்லு தொரை, பிரிச்சித் தெச்சித் தரோம். மூஞ்சில எறியாதே."

மேஸ்திரி ஓடிவந்தார். "மன்னாப்பு கேட்டுடு பாய், வேலை பூடும்."

"போவட்டும்" என்று தன் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு நடந்தார். கொட்டகையில் ஒருவரும் எழவில்லை. எனக்காகப் பேசிய மனிதரின் பின்னால் நானும் எழவில்லை. அதிகாரியிடமிருந்து மேஸ்திரி வாங்கிக் கொடுத்த கோட்டில் குனிந்து பொத்தானைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

பூந்தமல்லியில் சொந்தக் கடை போட்டு மகளை மிஷினில் உட்காரவைத்தார். வயதுப்பெண் கடையில் இருக்கலாமா என்றவர்களிடம், "அவ நடந்த தூரம் நீ நடந்துட்டு வா, அப்பால பேசலாம்" என்றார். என்னையும் கூப்பிட்டார். "வந்துடு நைனா, இன்னொரு மிஷின் சும்மாத்தான் கீது." பயந்து நான் போகவில்லை. அதற்காக ஒரு சொல் சொன்னதில்லை அவர்.

அடக்கத்துக்கு மறுநாள் உறவுக்காரர்கள் கடையை மூடச் சொன்னார்கள். "வாப்பா மூடச் சொல்லல. நான் தெறக்கத்தான் போறேன்" என்றாள் நூர்ஜகான். நாலாம் நாள் திறந்தாள். அன்றிலிருந்து, முகாம் வேலையை விட்டுவிட்டு, நானும் அங்கேதான் தைக்கிறேன். பெண் நடத்தும் கடையில் வேலையா என்று ஊர் பேசுகிறது, பேசட்டும்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, அன்று எழாமல் உட்கார்ந்திருந்த வெட்கம்தான். அதை ஆறவிட மாட்டேன்.